கொடியில் எத்தனை துண்டு

அவருடைய நாக்கு எப்போதும் ஊதா நிறமாக இருக்கும். ரசீது எழுத, ஈரம் பட்டால் ஊதாவாகும் காப்பியிங் பென்சில்தான் வைத்திருந்தார். முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார். தெருப் பிள்ளைகள் அவருக்கு நாவல்பழம் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரியவர்களுக்கு அவர் பில் கலெக்டர் அண்ணாச்சி. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டு வரி நோட்டீஸின் அடியில் கையெழுத்தாக எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. இந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

குற்றாலத்துக்கும் மேலகரத்துக்கும் நடுவில், ஆற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். நான்கு தெரு, ஒரு படித்துறை. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் வெளியூர்க்காரர்கள் வந்துவிடுவார்கள். குற்றாலத்தில் அறை கிடைக்காதவர்கள் எங்கள் ஊருக்கு வருவார்கள். அருவியில் கூட்டம் நெரிந்தால் எங்கள் படித்துறையிலேயே குளித்துக்கொள்வார்கள். மாடி வைத்திருந்த வீடுகள் எல்லாம் அந்த மூன்று மாதத்தில் சம்பாதித்துவிடும். எங்கள் மாமனார் கட்டிய வீட்டில் மாடியில் ஆறு அறை. என் கணவர் தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் என்பதால், வருகிறவர்களுக்குக் கடிதம் போடுவதும் அறை ஒதுக்குவதும் என் பொறுப்பு.

வாடகைக்கு விடும் வீட்டுக்கு வரி அதிகம். சொந்தக்காரர்கள் மட்டும் குடியிருக்கும் வீட்டுக்குக் குறைவு. அதனால் சீசன் வந்தால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் உறவினர்கள் பெருகிவிடுவார்கள்.

அவர் வீட்டுக்குள் வந்து விசாரிக்க மாட்டார். பின்கழுத்துச் சட்டையில் குடையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, துணி காயும் கொடியைப் பார்ப்பார். ஈரத் துண்டுகளை உதடு அசைய எண்ணுவார். அவ்வளவுதான் அவருடைய விசாரணை.

எதிர் வீட்டு ரைஸ்மில்காரரிடம் ஒருநாள் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"கொடியில இருவத்தேழு துண்டு கெடக்கு அண்ணாச்சி. ஒங்க வீட்டுல ஏழு பேரு. மிச்ச இருவது யாரு?"

"எல்லாம் சொந்தக்காரங்கதான்வே. எம் பொண்டாட்டி வழி. அவ வழியில சனம் ஜாஸ்தி."

"மாடியில ஒருத்தரு மலையாளத்துல சத்தம் போடுதாரு. பக்கத்து ரூம்புல தெலுங்கு பேசுதாவ."

"அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒங்க மாமனாரு ரொம்பத் தூரத்துல எல்லாம் சம்பந்தம் பண்ணியிருக்காருன்னு நெனச்சேன்."

தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, "முடியும்லா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விதான் அவர். நியாயமா, சட்டமா, மற்ற வீட்டில் எவ்வளவு என்பதெல்லாம் நீங்கள் எவ்வளவு நேரம் பேசினாலும் கேட்டுக்கொண்டு நிற்பார். முடிந்ததும், "முடியும்லா?" என்பார். உங்களால் கொடுக்க முடியுமா முடியாதா என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதும். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்வது ஏனோ மற்ற பொய்களைவிடக் கஷ்டமாக இருக்கும்.

எந்த வீட்டிலும் மோர்கூடக் குடிக்க மாட்டார். ஆற்றுப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியில் கொண்டுவந்ததைச் சாப்பிடுவார். கீழ்க்கோடியில் இட்லி விற்ற அம்மாள் ஒருத்தி இருந்தாள். தனிக்கட்டை. வீட்டில் பாதி ஓடு சரிந்து கிடந்தது. பழைய கணக்குப்படி அவளுக்கும் முழு ஓட்டு வீட்டு வரிதான் வந்துகொண்டிருந்தது. இவரே அவளுக்காகக் குறைப்பு மனு எழுதி, அவளிடம் கைநாட்டு வாங்கி, மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டும் நான்காவது முறை கொடுத்துக் குறைக்க வைத்தார். மறுநாள் அவள் பாலத்துக்கே இட்லி கொண்டுபோயிருக்கிறாள். வாங்க மறுத்துவிட்டாராம். "வரி கொறஞ்சிருச்சு, இட்லியும் கொறஞ்சிருக்கும்னு பயப்படுதாரு போல" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு வருஷம், பாக்கி வைத்தவர்கள் வீட்டில் ஜப்தி செய்ய உத்தரவு வந்தது. ஜப்தி என்றால் எளியவர் வீட்டு அண்டாவும் கதவும் போகும், அதுதான் வழக்கம். இவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தார். எல்லாரையும்விடப் பெரிய பாக்கி புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தவருடையது. அவர் எங்கள் ஊரில் ஒரு பங்களா வாங்கிப் போட்டிருந்தார். இவர் அங்கே போய் அவருடைய ரேடியோவை எடுத்துப் பியூன் தலையில் ஏற்றிவிட்டார். ஊரில் அப்போது இருந்ததே இரண்டு ரேடியோ. பியூன் பின்னால் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். அன்று மாலைக்குள் மற்ற பாக்கிகளும் கட்டப்பட்டுவிட்டன. ஒரு கதவும் கழற்றப்படவில்லை.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நேரம் காலம் பார்க்கத் தெரியாது. என் மகளுக்குத் தொட்டில் போட்ட அன்று வீடு நிறைய நிஜமான உறவினர்கள் வந்திருந்தார்கள். அன்றும் வாசலில் நின்று எண்ணத் தொடங்கிவிட்டார். என் மாமியார் வெளியே போய், "ஏன்யா, பிள்ளைய வாழ்த்த வந்தவுகளுக்குமா வரி?" என்று கேட்டு அழுதுவிட்டார். அவர் எழுதியதை அடித்து, அடித்த இடத்தை மாமியாரிடம் காட்டி, "தப்புதான் ஆச்சி" என்றார். சாப்பிடக் கூப்பிட்டோம். வரவில்லை. அது கர்வம் என்று எனக்கு அன்று தோன்றியது. இன்றும் கொஞ்சம் தோன்றுகிறது.

அவருடைய சொந்த வீட்டிலும் ஒரு கதை உண்டு. மைத்துனன் கொடுத்த பணத்தில் பின்பக்கம் ஓர் அறை கட்டினார். கட்டி முடித்த வாரமே, தன் வீட்டு வரியைக் கூட்டும்படி பஞ்சாயத்து ஆபீசில் தானே எழுதிக் கொடுத்தார். அவர் மனைவி இதை என்னிடம் ஆற்றங்கரையில் சொன்னாள். "நாலு பேரு வீட்டுல வாங்குன சாபம் பத்தாதுன்னு எங்கிட்டயும் வாங்குதாரு" என்றாள். ஆபீசில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். வரியைக் கூட்டச் சொல்லும் மனுவுக்கு ஃபாரம் எங்கே என்று கேலி செய்திருக்கிறார்கள். "கொறைக்கச் சொல்லத்தான் ஃபாரம் வேணும். கூட்டச் சொல்ல வெள்ளத்தாள் போதும்" என்றாராம்.

இனி நான் சொல்ல வேண்டியது படித்துறைக் கம்பியைப் பற்றி.

எங்கள் படித்துறையில் பதினாறு படி. கீழ்ப்படிகளில் பாசி. மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே செந்தண்ணீர் ஏறிவிடும். உள்ளூர்க்காரர்களுக்கு அதன் நிறமும் சத்தமும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நயா பைசா வந்த புதிதில், ஒரு சீசனில் இரண்டு பேர் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார்கள். மேலிருந்து கீழ்வரை இரும்புக் கைப்பிடிக் கம்பி போட வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்குத் தனியாக ஒரு வரி. யாருக்கு எவ்வளவு என்று பேசப் பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள்.

ரைஸ்மில்காரர்தான் முதலில் பேசினார். "கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி எப்படி? வீட்டுக்கு இவ்வளவுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். அதே மாதிரி கம்பிக்கும் போடுங்க. எல்லாரும் ஒரே ஆத்துலதான் குளிக்கோம். நான் என்ன ரெண்டு ஆத்துலயா குளிக்கேன்?"

பில் கலெக்டர் எழுந்தார். "நீங்க ஒரு ஆத்துலதான் குளிக்கியோ அண்ணாச்சி. ஆனா ஒங்க வீட்டுல இருந்து முப்பது பேருல்லா வந்து குளிக்காவ. அவ்வளவு பேரும் ஒங்களுக்கு வாடகை குடுத்துட்டுக் குளிக்காவ. வாடகைக்கு விடுத ரூம்புக்கு இவ்வளவுன்னு போடுவோம். விடாத வீட்டுக்கு வேண்டாம்."

அப்போது யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. இட்லிக்கார அம்மாள் எழுந்து நின்றாள். "எனக்கு வேண்டாம்னு சொல்லாதியும். நானும் ஒரு தலைக்கட்டுதான். அவாளுக்கு உள்ளதே எனக்கும் போடும். இன்னைக்கு நான் குடுக்கலன்னா நாளைக்கு இங்கன எனக்குப் பேச்சு இருக்காது."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "கோயில்ல தலைக்கட்டு சரி. சாமி முன்னால எல்லாரும் ஒரு தலைதான். இது அப்படி இல்லம்மா. பேச்சு துட்டுல இல்ல. நீங்க பேசுங்க, நான் எழுதுதேன்" என்றார்.

"பேச விட்டுட்டு ஒம்ம இஷ்டத்துக்குல்லா எழுதுவீரு" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது. பிறகு அவளே, "சரி, கால் ரூவாயாவது எழுதும்" என்று உட்கார்ந்துவிட்டாள். அறைக்கு இவ்வளவு என்று தீர்மானம் ஆயிற்று.

தீர்மானம் ஆனதும் நாங்கள் செய்த காரியத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. அவர் துண்டை எண்ணுகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் எங்கள் தெருப் பெண்கள் கொடியை அவிழ்த்து வீட்டுக்குள் கட்டினோம். சாரல் காலத்தில் வீட்டுக்குள் துணி காயுமா? அடுக்களையில் விறகடுப்புக்கு மேலே கட்டினோம். துண்டெல்லாம் புகை பிடித்தது. அந்த சீசன் முழுக்க எங்கள் ஊருக்கு வந்தவர்கள் குளித்துவிட்டுப் புகை வாசத்தோடு திரிந்தார்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு மாமி, "நீங்க துணிக்கு என்ன போட்டு அலசுறீங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

அவர் எங்கள் வாசலுக்கு வந்தபோது கொடி கட்டும் இடத்தில் இரண்டு ஆணிதான் இருந்தது. ஆணியையே கொஞ்ச நேரம் பார்த்தார். என் இடுப்பில் மகள் இருந்தாள். அவளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. மாடியில் ஆறு அறையிலும் ஆள் இருந்தது. நான்கு அறையை வெளியே பூட்டி, உள்ளே சத்தம் போடாமல் இருக்கச் சொல்லியிருந்தேன்.

"மாடியில எத்தன ரூம்பு வாடகைக்கு விட்டிருக்கு?"

"ரெண்டு அண்ணாச்சி."

"மத்த நாலும்?"

"பழைய சாமான் போட்டிருக்கு."

அந்த நேரத்தில் பூட்டிய அறை ஒன்றிலிருந்து யாரோ இருமினார்கள். புகைத் துண்டின் வேலை. அவர் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார்.

"சாமான் இருமுதே யம்மா" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் மகளை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

"பூட்ட ஒடச்சுப் பாக்க எனக்கு அதிகாரம் இல்ல. நீங்க சொல்லுதத எழுதிக்கிடுதேன்." பென்சிலை நாக்கில் தொட்டார். "முடியும்லா யம்மா?"

"முடியாது அண்ணாச்சி. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு நாங்க படுத பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

அவர் என் மகளை ஒருமுறை பார்த்தார். 'ரெண்டு' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மாடி வைத்திருந்த மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே கதைதான். சிலர் சாமான் என்றார்கள், சிலர் கூரை ஒழுகுகிறது என்றார்கள். இட்லிக்கார அம்மாள் மட்டும் கால் ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுத்து ரசீது வாங்கிப் போனாள்.

வசூலான பணத்துக்கு எவ்வளவு கம்பி வருமோ அவ்வளவு போட்டார்கள். பதினோராம் படியோடு கம்பி நின்றது. பாசி பிடிக்கிற கடைசி ஐந்து படிக்குக் கம்பி இல்லை.

ஒருநாள் காலையில் பார்த்தால், பில் கலெக்டர் கடைசிக் கம்பத்திலிருந்து தண்ணீர் ஓரத்து மருத மரம்வரை, பிடித்து இறங்க ஒரு நார்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் ஆனி பிறப்பதற்கு முன்னால் பழைய கயிற்றை அவிழ்த்துப் புதுக்கயிறு கட்டுவார். காசு யாருடையது என்று நான் கேட்டதில்லை. அந்தக் கயிற்றையும் நாங்கள் விடவில்லை. வாசலில்தான் கொடி இல்லையே, அதில் துண்டு காயப் போட்டோம். அவர் வந்தால் துண்டுகளை எடுத்து மடித்துப் படியில் வைத்துவிட்டுப் போவார். எண்ண மாட்டார்.

நான்கு வருஷத்துக்கு முன் ரிட்டையர் ஆகி, கீழப்பாவூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். இரண்டு வருஷத்தில் இறந்தும் போனார். தகவல் வந்த அன்று சீசன் நெருக்கடி. நாங்கள் துஷ்டிக்குப் போகவில்லை. கயிறு அதற்கு முன்பே இற்றுப்போய்விட்டது. புதிதாகக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

போன ஆடியில் ஒரு காலைப் பொழுது. நல்ல வெயில். என் மகள், அன்றைய கைப்பிள்ளை, இப்போது பதினொரு வயது, மாடியில் தங்கியிருந்தவர்களின் பெண்ணோடு ஆற்றுக்குப் போனாள். நான் அடுக்களையில் இருந்தேன். தெருவில் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ என் பெயரைச் சொன்னார்கள். நான் படித்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் சிவப்பாக எட்டாம் படியில் ஏறியிருந்தது. மாடி வீட்டுப் பெண் மேற்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். என் மகள் இல்லை.

அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கால் மணி என்கிறார்கள். கீழே வண்டித் துறையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் அவளைப் புதரோடு சேர்த்து இழுத்துப் போட்டிருக்கிறார். தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது. மூச்சு இருந்தது. தென்காசிக்குக் காரில் போகும் வழியில் கண் திறந்தாள். அவள் முதலில் சொன்னது இதுதான்:

"கம்பியப் பிடிச்சுக்கிட்டேதாம்மா எறங்குனேன். கம்பி முடிஞ்சு போச்சு."

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். நான்தான் இன்னும் நன்றாக இல்லை. அவள் கொல்லையில் கிணற்றடிக்குப் போனால்கூடப் பின்னாலேயே போய் நிற்கிறேன். "எதுக்கும்மா என் பொறத்தாலயே வார?" என்று சலித்துக்கொள்கிறாள்.

"வெள்ளத்துக்குக் கம்பி என்ன செய்யும்? முழுசா இருந்திருந்தாலும் இழுத்துட்டுப் போயிருக்கும்" என்கிறார் என் கணவர். இருக்கலாம். அவர் சொல்வது பொய் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் பதினோராம் படிக்குக் கீழே இல்லாமல் போன கம்பியில் நான்கு அறையின் பங்கு எங்களுடையது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் முடியாது என்று சொன்னேன். அவளையே காரணம் காட்டிச் சொன்னேன்.

போன வாரம் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "தெருவுல நம்மளப் பைத்தியம்னுல்லா சொல்லுவாவ" என்றார், ஆனால் தடுக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சின்ன வயதுக்காரர் இருந்தார். நான் வீட்டு வரி என்றதுமே ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினார்.

"கொறைக்கத்தானம்மா?"

"இல்ல தம்பி. கூட்ட."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கூட்டவா? அதுக்கு ஃபாரம் கிடையாதேம்மா."

"வெள்ளத்தாள் போதும்" என்றேன்.

தாள் கொடுத்தார். மாடியில் ஆறு அறை, ஆறும் சீசனில் வாடகைக்கு விடப்படுகிறது, இத்தனை வருஷமாக இரண்டு என்று சொல்லிவந்தோம், படித்துறைக் கம்பிக்கு எங்கள் பாக்கி நான்கு அறைக்கு உண்டு என்று எழுதினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "மேல கேப்பாவம்மா. காரணம்னு ஒரு வரி போடுங்க" என்றார்.

மறுபடி வாங்கி, கீழே 'எங்களால் முடியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தம்பி அதை இரண்டு முறை படித்தார். சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

கம்பி எப்போது வரும் என்று தெரியவில்லை. தெருவில் இரண்டு வீட்டில் பேசியிருக்கிறேன். ரைஸ்மில்காரர் வீட்டில் இன்னும் பதில் சொல்லவில்லை. அதுவரைக்கும் மருத மரத்துக்குப் புதுக்கயிறு நானே ஆள் வைத்துக் கட்டியிருக்கிறேன். அதில் யாரும் துண்டு போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கொடியை அடுக்களையிலிருந்து அவிழ்த்து, வாசலில் அந்தப் பழைய இரண்டு ஆணிக்கே கொண்டுவந்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் நின்று எண்ணிக்கொள்ளலாம்.